இங்கிலாந்துக் கிராமத்தில் வீடு வாங்குவது: ஊரை முதலில், வீட்டைக் கடைசியில்

லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ வீடு வாங்கிய அனுபவம் கிராமத்துக்கு வரும்போது பாதிதான் கைகொடுக்கும். சட்டமும் படிவங்களும் ஒன்றுதான். ஆனால் நகரத்தில் யாரும் கேட்காத கேள்விகள்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன: கழிவுநீர் எங்கே போகிறது, வெந்நீர் எதில் காய்கிறது, வாசல்வரை வரும் பாதை யாருடையது.

நான் மேற்கு இங்கிலாந்தின் ஹியர்ஃபர்ட்ஷயரில் ஒரு சிறு கிராமத்தில் வீடு வாங்கிக் குடியேறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு, பெரும்பாலும் மருத்துவமனை வேலைக்காக இந்தப் பக்கம் வந்த ஐந்து தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு பார்க்கத் துணையாகப் போயிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் இடறிய இடம் ஒன்றேதான். ரோஜாக்கொடி படர்ந்த கல்வீட்டின் படத்தில் மனதைப் பறிகொடுத்து, விலையும் பேசிவிட்டு, அதற்குப் பிறகு விசாரிக்கத் தொடங்கினார்கள். மனம் ஒட்டிக்கொண்ட வீட்டின் குறை கண்ணில் படாது. பட்டாலும் ‘பரவாயில்லை’ என்று தோன்றும். அதனால்தான் இந்த வரிசையில் வீட்டுக்குள் நுழைவது ஐந்தாவது படியில் வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு.

## 1. பணம் வந்த வழியை எழுத்தில் தயார் செய்யுங்கள்

கிராமத்தில் வீடுகள் விற்பனைக்கு வருவதே குறைவு. நல்ல வீடு வந்தால் சில நாட்களில் பேச்சு முடிந்துவிடும். அந்த நேரத்தில் வங்கிக்கு ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. கடன் தரக் கொள்கையளவில் சம்மதம் என்று வங்கி தரும் கடிதம் கையில் இருந்தால்தான் ஏஜெண்டும் உங்களைப் பொருட்படுத்துவார். விசாவில் இருப்பவர்கள் கடன் தரகர் ஒருவர் மூலம் போவது நல்லது. விசாவில் மீதமுள்ள காலம், முன்பணத்தின் அளவு ஆகியவற்றில் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு விதி.

இதைவிட அதிக நாள் பிடிப்பது முன்பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. ஊரிலிருந்து அப்பா பணம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் பங்கு கோரமாட்டேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவருடைய அடையாளச் சான்றும், அவருக்கு அந்தப் பணம் வந்த வழிக்கான ஆதாரமும் வேண்டும். நிலம் விற்றிருந்தால் கிரயப் பத்திரம், வங்கியில் போட்டு வைத்திருந்தால் அதன் ரசீது. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய உச்சவரம்பு 2,50,000 டாலர். தொகை பெரிதென்றால் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

அடுத்தது முத்திரை வரி. பலரும் கணக்கைத் தவறவிடுவது இங்கேதான். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதம்: முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை, அடுத்த 1,25,000-க்கு 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். 3,50,000 பவுண்டு வீட்டுக்கு 7,500 பவுண்டு ஆகும். முதல்முறை வாங்குபவருக்கு 3,00,000 வரை வரி இல்லை என்பதால் அதே வீட்டுக்கு 2,500 போதும்; வீட்டின் விலை 5,00,000-ஐத் தாண்டினால் இந்தச் சலுகை முழுவதும் போய்விடும்.

‘முதல்முறை’ என்பது உலகம் முழுவதற்கும் சேர்த்து. சென்னையில் உங்கள் பெயரில் ஒரு ஃபிளாட் இருந்தால் நீங்கள் முதல்முறை வாங்குபவர் அல்ல. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவரும் அப்படி இருக்க வேண்டும். அதோடு நிற்காது. வெளிநாட்டு வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருந்து, இங்கே குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு மாறாமல் புதிதாக வாங்கினால், ஒவ்வொரு விகிதத்தோடும் 5 சதவீதம் கூடும். அந்த 3,50,000 வீட்டுக்கு வரி 25,000 பவுண்டாகிவிடும். ‘ஊர் வீடு என் மனைவி பெயரில்தானே, இதை நான் தனியாக வாங்குகிறேனே’ என்று ஒருவர் கேட்டார். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இந்த வரிக்கு ஒரே ஆளாகத்தான் எண்ணுவார்கள். அவர் அதை அறிந்தது, பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரின் கடைசிக் கணக்குத் தாளில்.

## 2. ஊரை அதன் கெட்ட நாளில் பாருங்கள்

ஜூன் மாத ஞாயிறு மதியம் எந்த ஆங்கிலக் கிராமமும் அழகுதான். முடிவெடுக்க அது உதவாது. மூன்று முறை போங்கள்: வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு ஒரு முறை, குளிர்காலத்தில் இருட்டிய பிறகு ஒரு முறை, இரண்டு நாள் அடைமழைக்கு மறுநாள் ஒரு முறை.

காலையில் போவது சாலைக்காக. இரண்டு பக்கமும் உயர்வேலி, நடுவில் ஒரே வண்டி போகும் அகலம், எதிரே பால் லாரி. வழிவிடும் இடம் உங்களுக்குப் பின்னால் நூறு மீட்டரில் இருந்தால் நீங்கள்தான் பின்னோக்கிப் போக வேண்டும். வீட்டில் யாருக்கு இது பயமோ அவரையே ஓட்டச் சொல்லிப் பாருங்கள். இரவில் போவது, தெருவிளக்கு இல்லாத இருட்டு உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க. மழைக்கு மறுநாள் போவதன் காரணம் அங்கே போனால் தானே தெரியும்: வீடு மேட்டில் காய்ந்திருக்கும், வீட்டுக்கு வரும் சாலை முழங்கால் தண்ணீரில் இருக்கும்.

பஸ் அட்டவணையைத் தேதியோடு படியுங்கள். எங்கள் ஊருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் பஸ். மாலை ஐந்துக்கு மேல் கிடையாது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு நீங்களே டிரைவர். ஊரிலிருந்து பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால், கடைக்கும் கோயிலுக்கும் அவர்கள் தாமாகப் போக வழி இருக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள். கறிவேப்பிலைக்கு நான் இன்னும் பர்மிங்ஹாம்தான் போகிறேன்.

பள்ளி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எட்டு வயதுக்குள் இரண்டு மைலுக்கு மேல், எட்டு முதல் பதினாறு வரை மூன்று மைலுக்கு மேல் தூரம் இருந்தால் உள்ளூராட்சியான கவுன்சில் இலவசமாகப் போக்குவரத்து தர வேண்டும். ஆனால் இடம் கிடைக்கக்கூடிய, பொருத்தமான, மிக அருகிலுள்ள பள்ளிக்கு மட்டுமே அது பொருந்தும். ‘நல்ல பெயர்’ எடுத்த தூரத்துப் பள்ளியை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் தினமும் நான்கு முறை கார்ச் சவாரி உங்கள் செலவில். விண்ணப்பத்தின் கடைசி நாள் பதினோரு வயதில் சேரும் இடைநிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15. வீடு வாங்கும் கால அட்டவணையை இந்தத் தேதிகளோடு பொருத்திப் பாருங்கள்.

குடும்ப மருத்துவரின் சேவை எல்லைக்குள் அந்த முகவரி வருகிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். மருந்துக்கடையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிராமவாசிகளுக்குச் சில கிளினிக்குகள் தாங்களே மருந்தும் கொடுக்கின்றன. நீரிழிவு மாத்திரை சாப்பிடும் வீட்டுக்கு அது பெரிய வசதி.

## 3. ஒரு மாலை முழுவதும் வரைபடத்தோடு உட்காருங்கள்

வீட்டைப் பார்க்க நேரம் கேட்பதற்கு முன்பே, செலவில்லாமலும் சில பவுண்டுகளிலும் முடியும் சோதனைகள் இவை. பாதி வீடுகள் இங்கேயே கழிந்துவிடும்.

வெள்ளம்: அரசின் நீண்டகால வெள்ள அபாயத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் ஆறும் கடலும், மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர் என்று பிரித்துக் காட்டும். ஆறு தூரத்தில் இருக்கிறது என்று நிம்மதியடைந்து மேற்பரப்பு நீரைப் பார்க்காமல் விடுவது வழக்கமான தவறு. சரிவான வயலுக்குக் கீழே உள்ள வீட்டுக்குள் வருவது ஆற்று நீர் அல்ல, வயலின் சேற்று நீர். 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது வை ஆறு ஹியர்ஃபர்டில் அதுவரை பதிவாகாத உயரத்துக்கு ஏறியது. வை, லக் ஆறுகள் கூடும் இடத்தருகே உள்ள ஹாம்ப்டன் பிஷப் கிராமம் மூழ்கியது. அதிக அபாயமுள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் காப்பீடு கிடைக்கச் செய்யும் ஃபிளட் ரீ திட்டம் 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்குப் பொருந்தாது. ஆற்றோரத்துப் புது வீட்டைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

பாதை: அரசின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடிட்ட பாதைகள் எல்லாம் பொதுமக்கள் நடக்கும் உரிமை பெற்றவை. அந்தப் பச்சைக் கோடு உங்கள் தோட்டத்தின் ஊடாகப் போனால், பூட்டவோ நகர்த்தவோ உங்களால் முடியாது. கவுன்சிலிடம் உள்ள அதிகாரபூர்வ வரைபடமே இதில் இறுதிச் சொல்.

கட்டட அனுமதி: கவுன்சிலின் திட்டமிடல் பக்கத்தில் அந்த வீட்டை மட்டுமல்ல, சுற்றியுள்ள வயல்களையும் தேடுங்கள். எங்கள் மாவட்டத்தில் முக்கியமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகளுக்கான விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டும். காற்று உங்கள் பக்கம் வீசினால் ஜன்னலைத் திறக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் புல்வெளி உள்ளூர் வளர்ச்சித் திட்டத்தில் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

பழமை: பழைய கட்டடங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டியலில் உள்ள வீட்டில் கவுன்சிலின் தனி அனுமதி இல்லாமல் அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றமும், உள்ளே செய்தாலும், குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி மாட்டிய பிளாஸ்டிக் ஜன்னலை நீங்கள் கழற்ற வேண்டிவரும். அதற்குக் கால வரம்பு இல்லை. ‘இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லை’ என்பது பதிலாகாது. பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக இருந்தால் மரத்தை வெட்டவும் கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும்.

நிலப் பதிவேட்டிலிருந்து உரிமைப் பதிவும் அதன் வரைபடமும் தலா 7 பவுண்டு. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை. பதிவே இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். ஏழாம் படியில் வருகிறேன்.

## 4. குழாய் வராத வீட்டின் வயிற்றைத் திறந்து பாருங்கள்

கிராமத்து வீடு என்றால் எரிவாயுக் குழாய் இல்லாமல் இருக்கலாம், சாக்கடைக் குழாய் இல்லாமல் இருக்கலாம், சில இடங்களில் குடிநீர்க் குழாயும் இல்லாமல் இருக்கலாம். விளம்பரத்தில் இது ஒரே வரியில் கடைசியில் இருக்கும். அந்த வரியை முதலில் படியுங்கள்.

ஒரு பிப்ரவரி மாதம், நண்பர் குடும்பத்தோடு ஒரு பண்ணை வீட்டின் பின்புறம் நின்றுகொண்டிருந்தோம். செப்டிக் டேங்க் எப்படி என்று கேட்டதற்கு, முப்பது வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை என்றார் வீட்டுக்காரர். திறந்து காட்டச் சொன்னோம். மூடியைச் சுற்றிப் புல் வேர்விட்டிருந்தது. கடப்பாரையால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே தண்ணீர், வெளியேறும் குழாயின் வாய்க்கு மேலே நின்றது. அதாவது கீழே மண் உறிஞ்சவில்லை. பிறகு வரப்போரம் நடந்தோம். வயலின் மற்ற இடங்களில் கட்டைப்புல். ஓடைக்குப் போகும் ஒரு பட்டையில் மட்டும் இடுப்புயரத்துக்குப் பட்டுப்போன காஞ்சொறித் தண்டுகள். கழிவுநீர் போகும் வழியைச் செடிகளே கோடு போட்டுக் காட்டின. முப்பது வருடமாகத் தொந்தரவில்லை என்றால் முப்பது வருடமாக யாரும் திறக்கவில்லை என்று பொருள்.

கேட்க வேண்டியது இதுதான்: இது செப்டிக் டேங்க்கா, சுத்திகரிப்பு எந்திரமா, வெறும் சேமிப்புக் குழியா? வெளியேறும் நீர் மண்ணுக்குள் போகிறதா, ஓடைக்கா? செப்டிக் டேங்க் நீர் நேரே ஓடையிலோ ஆற்றிலோ விழுவது 2020 ஜனவரி 1 முதல் விதிமீறல். எந்திரமாக மாற்ற எளிதாகப் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். தொட்டி பக்கத்து வீட்டு நிலத்தில் இருந்தால், அங்கே போய்ச் சுத்தம் செய்யும் உரிமை பத்திரத்தில் இருக்கிறதா? கழிவு அள்ளும் லாரி வர வழி இருக்கிறதா? சேமிப்புக் குழியில் எதுவும் வெளியேறாது. நிறையும்போதெல்லாம் அள்ள வேண்டும், அந்தச் செலவு நிற்காது.

வெப்பத்துக்குப் பெரும்பாலும் மண்ணெண்ணெய் பாய்லர். தொட்டிக்கு இரட்டைச் சுவர் உண்டா, பாய்லரைக் கடைசியாகப் பராமரித்த தாள் எங்கே என்று கேளுங்கள். மின்சாரம், குழாய் எரிவாயு ஆகியவற்றுக்கு உள்ள விலை உச்சவரம்பு இந்த எண்ணெய்க்கு இல்லை. வழக்கமாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவரமாட்டார்கள். ஆகவே ஒரே நேரத்தில் பெரிய தொகை கையில் வேண்டும்.

இணையம்: தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்காமின் தளத்தில் முகவரியைப் போட்டு வேகத்தைப் பாருங்கள், பக்கத்து வீட்டு வேகத்தை நம்ப வேண்டாம். செம்புக் கம்பியில் ஒவ்வொரு நூறு மீட்டரும் வேகத்தைத் தின்னும். கைபேசிச் சிக்னலை வீட்டின் கனத்த சுவருக்குள் நின்று பாருங்கள், வாசலில் அல்ல.

## 5. இப்போது வீட்டுக்குள் போகலாம்

இதுவரை தேறிய வீடு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும். நிதானமாகப் பார்க்கலாம்.

பழைய கல்வீடும் மரச்சட்ட வீடும் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன் மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி ஓதமாகும். மரச்சட்டம் உள்ளுக்குள் உளுத்துப்போகும். நம் ஊர்க் கொத்தனார்களின் பாட்டன்களுக்கு இது தெரியும். வெளிச்சுவரில் சாம்பல் நிறக் கெட்டிப் பூச்சும் வெடிப்பும் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஓதத்தைத் தடுக்கச் சுவரில் ஊசிமருந்து போடுகிறேன் என்று வருபவர் இலவசமாகச் சோதித்துத் தருவார். அவர் விற்பது ஊசிமருந்து என்பதை மறக்க வேண்டாம்.

மூக்கை நம்புங்கள். ஒரே ஒரு சுவரில், அதுவும் இடுப்புக்குக் கீழே மட்டும் புதுப் பூச்சு, மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஈரம் உறிஞ்சும் எந்திரம், எல்லா அறையிலும் மணக்கும் மெழுகுவர்த்தி: மூன்றும் சேர்ந்தால் நான் இன்னொரு மழைநாளில் சொல்லாமல் போய்ப் பார்ப்பேன், வெளியிலிருந்தாவது.

ஆற்றல் திறன் சான்றிதழில் இந்த வீடுகள் தாழ்ந்த தரங்களான இ, எஃப்-இல் இருப்பது சகஜம். தரத்தைவிட, சென்ற ஆண்டு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினார்கள் என்ற ரசீதே உண்மை பேசும். கூடுதல் அறை, மாற்றிய ஜன்னல், விறகு அடுப்பு ஆகியவற்றுக்கு ஒப்புதல் தாள்கள் உண்டா என்று அப்போதே கேளுங்கள். பிறகு கேட்டால் வாரக்கணக்கில் ஓடும்.

## 6. விலை சொல்லும்போது

இங்கிலாந்தில் நீங்கள் சொன்ன விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டாலும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை. இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் பரிமாறப்படும்வரை அவர் வேறொருவரிடம் போகலாம், நீங்களும் விலகலாம். நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதிவிட்டால் வரும் பிடிப்பு இங்கே மாதக்கணக்கில் கிடையாது. வீட்டைச் சந்தையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுத்தில் விலை சொல்லுங்கள்.

செயின் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். விற்பவர் வாங்கப்போகும் வீடு, அந்த வீட்டுக்காரர் வாங்கப்போகும் வீடு என்று தொடர் போகும். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் நிற்கும். வாடகை வீட்டிலிருந்து வரும் உங்களுக்கு விற்க வீடில்லை என்பது நல்ல பலம். விலையில் சில ஆயிரம் குறைவாகச் சொல்லியும் சில குடும்பங்கள் வென்றது இதனால்தான்.

## 7. சர்வேயரும் சொலிசிட்டரும்

வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காக. சிலநேரம் மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் வருவதே இல்லை. பழைய வீட்டுக்கு, சர்வேயர்களின் சங்கமான ஆர்ஐசிஎஸ் வகுத்த மூன்றாம் நிலை ஆய்வு தேவை, அதுவும் அந்த வட்டாரத்தில் பழைய கட்டடம் பார்த்துப் பழகியவரிடம். ஆயிரம் பவுண்டை ஒட்டியோ தாண்டியோ ஆகும். கழிவுநீர்த் தொட்டியை அவர் திறக்கமாட்டார். அதற்குத் தனியாக ஆள் வேண்டும். அறிக்கை வந்ததும் அவரைத் தொலைபேசியில் அழைத்து, ‘இது உங்கள் மகளுக்கு என்றால் வாங்குவீர்களா?’ என்று கேளுங்கள். எழுத்தில் தயங்கியதைப் பேச்சில் சொல்வார்கள்.

சொலிசிட்டர் விஷயத்தில் விலை மலிவான இணைய நிறுவனங்களை நான் பரிந்துரைப்பதில்லை. புதுக் குடியிருப்பு ஃபிளாட்டுக்கு அவர்கள் போதும். கிராமத்துப் பத்திரத்தில் வரும் சங்கதிகள் வேறு.

பதிவில்லாத நிலம்: இங்கிலாந்து முழுவதும் விற்பனையின்போது பதிவு கட்டாயமானது 1990 டிசம்பரில்தான். அதற்கு முன்பிருந்து ஒரே குடும்பத்தில் இருக்கும் வீடு பதிவாகாமல், தகரப்பெட்டிப் பத்திரங்களாகவே இருக்கலாம். வாங்கலாம், ஆனால் எல்லைகளை நேரில் நடந்து சரிபார்க்க வேண்டும்.

அந்தரத்து அறை: சுவர் ஒட்டிய சில வீடுகளில் உங்கள் படுக்கையறை பக்கத்து வீட்டு வழிநடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இடிந்தால் மேலே என்ன ஆகும் என்பதற்குப் பத்திரத்தில் பதில் வேண்டும். சில வங்கிகள் இதைக் கண்டதும் கடனை மறுக்கும்.

குடியிருப்புக் கட்டுப்பாடு: சந்தை விலைக்கு வெகு கீழே ஒரு பண்ணை வீடு வந்தால், விவசாய வேலை செய்பவர் மட்டுமே குடியிருக்கலாம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். லேக் டிஸ்ட்ரிக்ட், பீக் டிஸ்ட்ரிக்ட் போன்ற தேசியப் பூங்காக்களில் உள்ளூர்த் தொடர்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய வீடுகளும் உண்டு.

தேவாலயக் கடன்: சில நிலங்களின் உரிமையாளர்கள் ஊர்த் தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவர்கள். வாரிக்ஷயரின் ஆஸ்டன் கேன்ட்லோ கிராமத்தில் ஒரு பண்ணைக்காரத் தம்பதி இதை எதிர்த்துப் போராடி, 2003-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றார்கள். இப்போது பதிவு விதிகள் இறுகிவிட்டன. ஆனாலும் சொலிசிட்டர் தேடிப் பார்ப்பார், சிறு தொகைக்குக் காப்பீடும் கிடைக்கும். அந்தச் சிறு தொகைக்கு வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.

வழி உரிமை: சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் மண்பாதை வேறொருவருடையது என்றால், காரில் போகும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். ‘எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்’ என்பது விற்பவரின் வாக்கு. பாதையின் சொந்தக்காரர் மாறினால் அது செல்லாமல் போகலாம்.

விற்பவர் நிரப்பும் தகவல் படிவத்தை நீங்களே வரிவரியாகப் படியுங்கள். ‘தெரியாது’ என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்வி. கார்ன்வால், டெவன், டார்பிஷயர் பகுதிகளில் நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ராடான், பழைய சுரங்கம் ஆகியவற்றுக்கான தேடல்களையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

## 8. ஒப்பந்தப் பரிமாற்றமும் சாவியும்

பரிமாற்றத்தன்று வழக்கமாக விலையில் 10 சதவீதம் கட்டுவீர்கள். அதன் பிறகு விலகினால் அந்தப் பணம் போகும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த நிமிடம் முதல் வீடு எரிந்தாலும் இடிந்தாலும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே கட்டடக் காப்பீடு பரிமாற்றத் தேதியிலிருந்தே வேண்டும், சாவி வாங்கும் தேதியிலிருந்து அல்ல. கூரை வேய்ந்த வீடு, பட்டியலில் உள்ள வீடு என்றால் காப்பீடு தேடவே இரண்டு வாரம் ஆகலாம்; முன்பே விலைப்புள்ளி வாங்கி வையுங்கள்.

சாவி வாங்கும் நாளில் எண்ணெய்த் தொட்டியின் அளவைப் படம் எடுங்கள். மீதமுள்ள எண்ணெய்க்குத் தனியாகக் காசு கேட்பார்கள். முத்திரை வரி 14 நாட்களுக்குள் கட்டப்பட வேண்டும். சொலிசிட்டர் செய்துவிடுவார், கட்டிய சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

## 9. முதல் குளிர்காலம்

எங்கள் முதல் டிசம்பரில், வெள்ளிக்கிழமை இரவு, பாய்லர் இருமி நின்றது. தொட்டியின் அளவுகாட்டி கால் பாகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. முள் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைதான் லாரி வந்தது. நான்கு நாள் ஒரே அறையில், விறகு அடுப்பின் முன்னால், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டரோடு சாம்பார் சாதம். அளவுகாட்டியை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். செப்டம்பரிலேயே நிரப்புங்கள். கிராமத்தில் பலர் சேர்ந்து ஒன்றாக ஆர்டர் செய்யும் குழு இருக்கும். கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள், விலையும் குறையும்.

மின்தடைக்கு அழைக்க வேண்டிய எண் 105. வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ மருத்துவக் கருவியோ இருந்தால் முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். செம்புக் கம்பித் தொலைபேசி இணையத்துக்கு மாறிவருவதால் மின்சாரம் போனால் வீட்டுத் தொலைபேசியும் போய்விடும். சிக்னல் இல்லாத ஊரில் அதற்கு ஒரு பேட்டரி ஏற்பாடு அவசியம்.

மனிதர்கள் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை: முதல் ஆறு மாதம் எதையும் வெட்டவோ மூடவோ வேண்டாம். புதிதாக வந்தவர் உயர்வேலியை வெட்டினார், நடைபாதை வாசலுக்குப் பூட்டுப் போட்டார் என்ற செய்தி அன்று மாலையே ஊர் முழுக்கப் போய்விடும். வேலிகளில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டியிருக்கும். குஞ்சிருக்கும் கூட்டைக் கலைப்பது சட்டப்படியும் குற்றம். சாலையில் குதிரையைக் கண்டால் மணிக்கு பத்து மைலுக்குக் கீழே வந்து, இரண்டு மீட்டர் இடம்விட்டுப் போங்கள். எதிரே வருபவர் கை தூக்கினால் நீங்களும் தூக்குங்கள். முகம் தெரியாவிட்டாலும் காரைத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

கிராம மன்றத்தின் கூட்டம் யார் வேண்டுமானாலும் போய் உட்காரக்கூடியது. முதல் மாதமே ஒரு முறை போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். எந்த வடிகால் அடைக்கிறது, எந்த வயலுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

உங்கள் எல்லையோரம் ஓடும் வாய்க்கால் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. தண்ணீர் தடையின்றி ஓட நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒரு மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நவம்பர் இலை விழுந்து முடிந்ததும், பாலத்தடிக் குழாயின் இரண்டு வாயையும் வாரிவிட வேண்டும், மேல்பக்கம் நீங்கள், கீழ்ப்பக்கம் நான், என்றார். அவருடைய மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடத்துக்குள் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்.